அழுவதற்கு நேரம் கொடுத்த ஸ்டார் வார்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைவில் படமோ தொடரோ எது வந்தாலும் கிராபிக்ஸ் எப்படி, சண்டை எப்படி என்றுதான் நம் பத்திரிகைகளில் விமர்சனம் வருகிறது. அந்த உலகத்தில் ஒருவர் செத்துப்போனால் மிச்சம் இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஸ்டார் வார்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த முதல் படத்தில், இளவரசி லேயா வளர்ந்த ஆல்டரான் கிரகத்தை அவள் கண்ணெதிரிலேயே வெடித்துச் சிதறடிக்கிறார்கள். வீடு, ஊர், சனம் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. அப்புறம் தப்பித்து வரும் கப்பலில், பெரியவர் பென்னை இழந்து உட்கார்ந்திருக்கும் கதாநாயகன் லூக்கின் தோளில் போர்வையைப் போர்த்தி ஆறுதல் சொல்வது யார் என்றால், அதே லேயாதான். அவளுக்குப் போர்த்திவிட ஒருவரும் இல்லை. சின்ன வயதில் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை, இப்போது அந்தக் காட்சி வந்தாலே மனசு கேட்பதில்லை. 2015 படத்திலும் இதே அவசரம்தான். லேயாவின் கணவன் ஹான் சோலோ செத்த பிறகு, காலமெல்லாம் அவனோடு பறந்த கூட்டாளி சூபாக்கா தன் பாட்டுக்கு நடந்து போகிறான், லேயாவோ அவனைக் கடந்து போய் ரே என்ற இளம் பெண்ணைக் கட்டிக்கொள்கிறாள். அது தவறுதான் என்று இயக்குநர் ஜே.ஜே. ஆப்ராம்ஸே பிறகு ஒப்புக்கொண்டார்.

2022இல் வந்த ஆண்டோர் என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில்தான் சாவுக்குரிய நேரம் கிடைத்தது. தலைமறைவாக இருக்கும் நாயகன் காஸியன், ஊருக்குத் தொலைபேசி போட்டு வளர்த்த அம்மா மார்வாவுக்குச் சேதி சொல்லி அனுப்பும்போதுதான் அவள் போய்விட்டாள் என்று தெரிகிறது. ஆனால் என்னை உலுக்கியது அவன் இல்லை, அவள் வீட்டில் இருந்த பழைய ரோபோ, பீ-டூ. ஏற்கெனவே திக்கித் திக்கிப் பேசும். உடலை எடுத்துக்கொண்டு போன பிறகும், மார்வா வேண்டும் என்று வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது. பிராசோ என்ற முரட்டு ஆள், சரி, இன்று ஒரு ராத்திரி நான் இங்கேயே இருக்கிறேன் என்று அதனோடு தங்கிவிடுகிறான்.

எங்கள் அம்மா போன அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்துப் படுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிராசோவைப் பார்த்ததும் அந்தப் பாய்தான் ஞாபகம் வந்தது, தொடரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊரில் செத்தவர்களின் சாம்பலைக் குழைத்துச் செங்கல்லாக்கிச் சுவரில் வைத்துக் கட்டுவது வழக்கம். மார்வாவின் கல்லைப் பிராசோ கையில் ஏந்தி வர, பாண்டு வாத்தியத்தோடு ஊரே பின்னால் நடக்கிறது. ஸ்டார் வார்ஸ் படங்களில் ஜெடாய் என்ற வீரர்களில் சிலர் செத்தாலும் நீல ஒளியில் திரும்பி வந்து பேசுவார்கள், அதனால் அந்தப் படங்களில் சாவு முழுசாகச் சாவாகவே இருப்பதில்லை. மார்வா திரும்பி வரவில்லை. முன்பே பதிவுசெய்து வைத்த பேச்சைத்தான் அந்த ரோபோ ஊருக்குக் காட்டுகிறது. ஊரை ஆளும் பேரரசை எதிர்த்துக் கலவரம் வெடித்ததும் அதே கல்லால் பிராசோ அதன் சிப்பாய் ஒருவனை அடிக்கிறான். அழுகையும் ஆத்திரமும் ஒரே கையில் இருந்ததை நான் வேறெந்த விண்வெளிக் கதையிலும் பார்த்ததில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு தொடர் வரும்போது, விமர்சனம் எழுதுபவரிடம் இந்த மாதிரி இடங்களைப் பற்றியும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி