சமையலைக் குற்றம் சொல்லும் மருத்துவப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் எபிஜெனெடிக்ஸ் பற்றிய கட்டுரை படித்தேன். மரபணு மாறாமலே, அது வேலை செய்வதைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகளைப் பற்றிய துறை அது. "சரியான உணவும் நல்ல எண்ணமும் இருந்தால் அல்சைமர் மரபணுவை நாமே அணைத்துவிடலாம்" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்தார். "அண்ணனுக்கு நீங்க என்னதான் பொங்கிப் போட்டீங்க மதினி?"

என் கணவர் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். குடி, சிகரெட் கிடையாது. விடியற்காலை நடை, ராத்திரி இரண்டே இட்லி. இன்று அல்சைமர் மறதி நோயோடு உங்கள் இதழின் பழைய தாள்களைக் கிழித்து, விரலை நாக்கில் தொட்டு எண்ணி, கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்குகிறார். கணக்கு உதைத்தால் மறுபடி முதலிலிருந்து. இவரிடம் எந்த நல்ல எண்ணம் குறைந்துபோயிற்று என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

2009-இல் அமெரிக்காவில் வெளியான இரட்டையர் ஆய்வை அவர் சாட்சிக்கு இழுக்கிறார். ஒரே மரபணு, ஒருவருக்கு மட்டும் நோய். நோய் வந்தவரின் மூளை டிஎன்ஏவில் மெத்தில் என்ற அந்த வேதிக் குறிகள் குறைந்திருந்தன. சரி. நோய் வந்தவர் வேலையில் பூச்சிமருந்தோடு அதிகம் புழங்கியவர் என்பதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? ஒரே ஜோடியை வைத்து அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, எண்ணம்தான் காரணம் என்று இவர் எப்படி முடிவு கட்டினார்?

2014-இல் வந்த பெரிய ஆய்வு தங்களுக்குத் தெரிந்திருக்கும். 708 பேரின் மூளைகளை இறப்புக்குப் பின் சோதித்தார்கள். அல்சைமர் பாதித்த மூளைகளில் ஏஎன்கே1 என்ற மரபணுவில் இந்த மெத்தில் குறி மாறியிருந்தது. பிரிட்டன் குழு ஒன்றும் தனியே அதையே கண்டது. மூளையைத் தானம் தந்தவர்களில் பலர் கத்தோலிக்கக் கன்னியர், பாதிரியார்கள். ஒழுங்கும் ஜெபமுமாக வாழ்ந்த அவர்களில் பலருக்கும் அல்சைமர் வந்தது. குறி மாறியதால் நோயா, நோயால் குறி மாறியதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. மரபணுக்களை அடக்கிவைக்கும் ஹெச்டிஏசி2 என்ற புரதத்தைக் குறைத்தபோது ஞாபகம் தேறியதும் எலிகளில்தான். அந்த வழியில் அல்சைமர் நோயாளிக்கு இதுவரை மருந்து வரவில்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை இவற்றைக் கவனித்தால் நோய் வரும் வாய்ப்பு குறையும். அதை எழுதுங்கள், நானே நாலு பேருக்குப் படித்துக் காட்டுகிறேன். வாய்ப்பு குறையும் என்பது வேறு, வந்தவர் வீட்டைப் பார்த்து விரல் நீட்டுவது வேறு.

இது முதல் தடவையும் இல்லை. தேங்காய் எண்ணெய் குடித்தால் ஞாபகம் திரும்பும் என்று போட்டீர்கள். நான் எழுதிய மறுப்பு வெளிவரவில்லை. பொங்கல் மலரில் மறதித் தாத்தாவை வைத்துச் சிரிப்புப் படம். இந்தக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே, உமிழ்நீரில் அல்சைமர் கண்டுபிடிப்பதாக ஒரு விளம்பரம். இந்தக் குறிகள் திசுவுக்குத் திசு மாறும். எச்சிலில் இருப்பது மூளையில் இருப்பதன் நகல் அல்ல. எந்தப் பக்கத்துக்கு எந்த விளம்பரம் என்று பார்ப்பவர் தங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லையா?

பல வருட வாசகி என்ற உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே மருத்துவப் பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். என் நாத்தனார் அந்தப் பக்கம் மட்டும்தான் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை