மேரிக்கு, தக்கலையிலிருந்து

அன்புள்ள மேரி,

நலமா? இங்கே ஒரே மழை. ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது, யார் கையிலும் காசு இல்லை. என் போலியோக் காலில் மாட்டிய காலிப்பர் ஈரத்தில் கிரீச்சிடுகிறது. மற்றபடி சுகம்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, மகளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். பிள்ளைக்குப் பதினாலு வயது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்ட வேலைக்கும் போய், மாதாமாதம் மகளுக்குத் துணி மாற்றி, கறை அலசி ஓய்ந்துபோயிருக்கிறார். பேசப் பேசத்தான் உள்ளிருந்த பயம் வெளியே வந்தது. "யாராவது கெடுத்துட்டா என்ன செய்ய மக்களே?"

"எடுத்தால் வயிறு வீங்காது, அவ்வளவுதான். கெடுக்க வருகிறவனுக்கு அது இன்னும் வசதி" என்றேன்.

1994-இல் புனே பக்கம் ஷிரூரில், அரசுக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குச் சுத்தத்தைக் காரணம் காட்டி இதைத்தானே செய்தார்கள்! அவர்களிடம் யார் கேட்டார்கள்? 2009-இல், சண்டிகர் காப்பகத்தில் கர்ப்பமான மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அவள் சம்மதிக்காமல் கருவைக் கலைக்கக் கூடாது என்றது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவும், அவரவர் சம்மதமில்லாமல் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் சிகிச்சை கூடாது என்கிறது. இதையெல்லாம் சொன்னேன். "சட்டமா வந்து துணி அலசப்போவுது?" என்றார் அக்கா. நியாயம்தானே!

அதனால் பிள்ளையை நானே பக்கத்தில் உட்காரவைத்து, நாப்கின் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் அதைத் தலைகீழாக ஒட்டினாள். பசை தொடையில் பட்டதும் ஒரே கத்து. அப்புறம் அவளாகவே திருப்பி ஒட்டிவிட்டு, காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பக்கத்துத் தேதிகளுக்கும் சேர்த்துத்தான்!

மார்பை மறைக்கத் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்ட மண் இது. 1859-இல் அதை அனுமதித்துத் திருவிதாங்கூர் மன்னரின் அறிக்கை வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பெண்ணின் உடம்புக்கு அடுத்தவர் விதி எழுதிய கதையை நம்மூர் மேடைகளில் ஆவேசமாகச் சொல்கிறோம். அந்தப் பேச்சில் இந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள்?

உன்னோடு எனக்குள்ள பழைய சண்டையும் இதுதான். பெண்ணை வெறும் உடம்பாகப் பார்க்காதே என்று நீங்கள் போராடினீர்கள், சரி. என்னை யாரும் பெண்ணுடம்பாகவே பார்க்கவில்லையே! ஹாஸ்டலில் எல்லாருடைய காதல் கடிதத்தையும் என்னிடம்தானே கொடுத்தனுப்பினீர்கள்? போலியோக்காரிமேல் வார்டனுக்குச் சந்தேகம் வராது என்று. எனக்கு யாருக்காவது எழுத ஆசை இருக்குமா என்று நீகூடக் கேட்டதில்லை, பிள்ள. இருந்தது. யாருக்கு என்று நேரில் வந்தால் சொல்கிறேன்.

மாதவிடாய், நல்ல தொடுகை, கெட்ட தொடுகை பற்றிப் படமாகவே போட்ட புத்தகம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் தபாலில் அனுப்பு. எழுத்து குறைவாக இருக்கட்டும். அக்காவுக்கும் வாசிக்க வராது.

அன்புடன்,
செல்வி