ஐசியூ சார்ட்டில் இல்லாத ஒரு வரி

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கமுங்க. நீங்கள் அனுப்பும் ரத்தக் கல்ச்சர் பாட்டிலையும் ஸ்வாபையும் (பஞ்சுக் குச்சியில் எடுத்த சாம்பிள்) வாங்கி, அதில் என்ன வளர்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆய்வகத்து ஆள் நான். உங்களில் பலருக்குப் போனில் என் குரல் தெரியும். கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் ஐசியூ சார்ட்டில் குழந்தையின் குடல் கிருமிகளை மனதில் வைத்து ஒரு வரி சேருங்கள். ஆன்டிபயாடிக் இன்று எத்தனையாவது நாள், கல்ச்சர் என்ன சொல்கிறது, வயிற்றுக்குள் இன்று என்ன போனது, இவ்வளவு இருந்தால் போதும்.

பிபி, ஆக்சிஜன் அளவு, மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் என்று எல்லாம் அந்தச் சார்ட்டில் இருக்கிறது. மருந்துகளும் இருக்கின்றன, ஆனால் வேறொரு தாளில். காலை ரவுண்ட்ஸில் அந்தத் தாளைப் புரட்டி, 'இது இன்னும் எதுக்கு ஓடுது?' என்று யாராவது கேட்டால்தான் உண்டு.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மடலைப் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெருங்குடலில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே சாகும் வகைக் கிருமிகள். நாம் செரிக்காமல் விடும் நாரைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும்வரை கெட்ட கிருமிக்குக் காலூன்ற வழி கிடைப்பதில்லை. தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல கிருமி ஆதிக்கம் செலுத்தும். மூன்று வயது வாக்கில்தான் பெரியவர்களுடையதைப் போன்ற கூட்டம் அமைகிறது. ஆக, ஐசியூவுக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு அந்தக் கூட்டம் இன்னும் முழுதாக அமைந்தே இருக்காது.

அந்த நிலையில் ஷாக், அதாவது ரத்த ஓட்டம் சரிந்துபோகும் நிலை, வருகிறது. உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட்டுக் குடலைப் பட்டினி போடுகிறது. வெண்டிலேட்டருக்காகக் கொடுக்கும் வலிமருந்தான ஃபென்டனில் குடலின் அசைவைக் குறைக்கிறது. வாய்வழி உணவு நின்றுபோகிறது. அதற்கு மேல் ஆன்டிபயாடிக்குகள்: மெரோபெனம், வான்கோமைசின், சில சமயம் மெட்ரோனிடசோல். ஐசியூக் குழந்தைகளிடம் நடந்த டிஎன்ஏ ஆய்வுகளில், தோல், வாய், குடல் என்று இடத்துக்கு இடம் வேறாக இருக்க வேண்டிய கிருமிக் கூட்டங்கள் ஒன்றைப்போல் ஒன்று மாறிவிடுவது தெரிந்திருக்கிறது. பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீகாலிபாக்டீரியம் குறைந்து, நோய் தரக்கூடிய என்டரோகாக்கஸும் ஸ்டெஃபிலோகாக்கஸும் ஏறுகின்றன.

என் மேஜையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். சேர்க்கை அன்று எடுத்த மலக்குடல் ஸ்வாபை மெக்கான்கி என்னும் கிருமி வளர்ப்புத் தட்டில் தேய்த்து, மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் கலவையாக வளர்ந்திருக்கும். தட்டையான இளஞ்சிவப்புக் காலனிகள் (கிருமித் திட்டுகள்), நிறமில்லாதவை சில, சின்னதும் பெரிசுமாக. அதே குழந்தையின் ஸ்வாப் ஒரு வார மெரோபெனத்துக்குப் பிறகு வரும். இம்முறை தட்டு முழுக்க ஒரே வகை. பெரிய, பளபளப்பான, ரோஸ் நிறக் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவதுபோல இழை இழுக்கும். க்ளெப்சியெல்லா என்ற கிருமி. மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தால் மெரோபெனம் வில்லையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே வளர்ந்திருக்கும், சுற்றிலும் வெற்றிடமே இருக்காது, அதாவது அந்த மருந்து அதைத் தடுக்கவே இல்லை. காற்றில்லாமல் வாழும் பெருங்கூட்டத்தை இந்தத் தட்டு காட்டாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் காலி செய்த இடத்தை யார் பிடித்தார்கள் என்பதைக் காட்டிவிடும். சில நாள் கழித்து அதே குழந்தையின் ரத்தக் கல்ச்சர் பாட்டிலின் அடிவட்டம், கிருமி வளர்ந்ததற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறும்போது, உள்ளே யார் இருப்பார் என்று பார்க்கும் முன்பே ஊகித்துவிடுவோம்.

ஆன்டிபயாடிக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்றால் வரும் ஷாக்) கிடக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்று 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதே வழிகாட்டி, தினமும் மருந்தை மறுபரிசீலனை செய்து, கிருமி தெரிந்ததும் சில கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாறவும் தேவையில்லாவிட்டால் நிறுத்தவும் சொல்கிறது. முதல் பாதியை நம் ஊரில் நன்றாகச் செய்கிறோம். இரண்டாம் பாதிதான் தள்ளிப்போகிறது. இன்றைய கல்ச்சர் மெஷின்களில், ரத்தத்தில் கிருமி இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

நீங்கள் திருப்பிக் கேட்பது எனக்குக் கேட்கிறது. தாராபுரத்தில் ஒரு ஊசி, காங்கேயத்தில் ஒரு ஊசி, அப்புறம் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோவைக்கு அனுப்பிய குழந்தைக்கு கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் அதை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான். முன்பே மருந்து ஏறியிருந்தால் பாட்டில் பொய் சொல்லும். அரை மில்லி ரத்தம் மட்டும் ஊற்றி அனுப்பினாலும் சொல்லும். அதனால்தான், குழந்தையை மேலே அனுப்பும் சிறிய மருத்துவமனைகளிடமும் இந்த மடல் வழியாகக் கேட்கிறேன். பரிந்துரைச் சீட்டில் 'இன்ஜெக்‌ஷன் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

அடுத்தது தாய்ப்பால். சாம்பிள் வாங்க வரும்போது பார்க்கிறேன், ஐசியூ வாசலில் தாய்மார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள், மார்பில் பால் கட்டி, துண்டைப் போர்த்திக்கொண்டு. கழிவறை வாஷ்பேசினில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவார்கள். உள்ளே அவர்கள் பிள்ளைக்கு மூக்குவழி வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் வழியாகப் பவுடர் பால் போய்க்கொண்டிருக்கும். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியத்துக்கான தீனி. பவுடர் டப்பாவில் அந்த வகைகள் அத்தனையும் கிடைக்காது. இவ்வளவு உயர்ந்த பொருளைச் சாக்கடையில் விடுகிறோம். ஐசியூ பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு பம்ப், பெயர் எழுதிய பாட்டில், ஒரு குளிர்பெட்டி. அவ்வளவுதான் செலவு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது. முடியாத காரியம் இல்லையே.

தடை ஏதும் இல்லாவிட்டால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் குடல்வழி உணவைத் தொடங்கலாம் என்றும் அந்த 2020 வழிகாட்டி சொல்கிறது. அமிலத்தைக் குறைக்கும் பேன்டாப்ரசோல் போன்றவற்றை எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றும் சொல்கிறது. வயிற்று அமிலமும் ஒரு காவல்தான்.

வாசலில் ஒரு அம்மிச்சி கேட்டார்: 'பையனுக்கு ரெண்டு மடக்கு மோர் குடுத்தா ஆகாதுங்களா சாமி? வயிறு குளுந்திருமுங்க.' அவர் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கவலை, அதே ஆசை ப்ரோபயாட்டிக் (நல்ல கிருமிகளைத் தூளாக அடைத்த) சாசே வடிவத்தில் மருந்துச் சீட்டில் ஏறும்போதுதான். ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் அதிகமான சிசுக்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ப்ளாண்டாரம் கிருமியும் அதற்கான சர்க்கரையும் கொடுத்ததில் செப்சிஸ் (உடம்பு முழுவதையும் பாதிக்கும் தொற்று) அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. அருமையான முடிவு. ஆனால் அவர்கள் ஆரோக்கியமாகப் பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள். ஐசியூ வேறு உலகம். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஐசியூவில் லாக்டோபேசில்லஸ் ப்ரோபயாட்டிக் பெற்ற 522 பேரில் 6 பேருக்கு அதே கிருமி ரத்தத்தில் ஏறியதை 2019-இல் வெளியிட்டார்கள். மரபணு வரிசையைப் பார்த்ததில், கேப்சூலில் இருந்ததுதான் ரத்தத்திலும் இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. ஈஸ்ட் வகைச் சாசேயை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்துக்குள் செலுத்திய குழாய்) போட்ட நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். படுக்கையோரம் சாசேயைக் கிழித்தால் பறக்கும் தூள் சிஸ்டரின் கையுறையில் ஒட்டும். அதே கை அடுத்த நிமிடம் லைனைத் தொடும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எழுதும் மருந்து இல்லை இது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேசும்போது, ஆன்டிபயாடிக் பயன்படுத்தும் கோழிப்பண்ணைகளை ஏன் விட்டுவிட்டாய் என்று நாமக்கல், பல்லடம் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை போட்டது. அது முழுதாக நடக்கிறதா என்பது தனிக் கதை, அதற்குத் தனி மடல்தான் எழுத வேண்டும்.

சார்ட்டில் சேர்க்கச் சொன்ன அந்த வரியை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கொடுங்கள், எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எதற்காக என்று. ஆன்டிபயாடிக் கலைத்த குடல் கூட்டம் திரும்ப வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் சளி பிடித்து உள்ளூர் டாக்டரிடம் போகும் குழந்தைக்கு அடுத்த ஆன்டிபயாடிக் எழுதுமுன் அவர் அந்த வரியைப் படிக்கட்டும்.

இன்னொன்று. முதற்கட்டக் கல்ச்சர் முடிவு பெரும்பாலும் காலையிலேயே எங்களிடம் தயாராக இருக்கும். அச்சடித்த ரிப்போர்ட் வார்டுக்கு வந்து சேர மாலை ஆகிவிடுகிறது. ரவுண்ட்ஸ் தொடங்குமுன் ஒரு போன் போட்டால் எங்களில் யாராவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வோம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்