தோல் உரிக்கிற வெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

லேத்தில் நீ கடைகிற வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சக்கரத்தின் படம் வந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். வெட்டுகிற டூலின் கார்பைடு முனை மழுங்கியதற்கு லேத்தைத் திட்டாதே. நீ பயந்து பயந்து வெட்டியிருக்கிறாய்.

கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக எடுத்தால் சின்ன மெஷினுக்கு நல்லது என்று நினைத்திருப்பாய். பித்தளைக்கு அது சரி. மணல் அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்புக்கு மேலே ஒரு தோல் உண்டு. அதில் மணல் ஒட்டியிருக்கும். சீக்கிரம் ஆறிய ஓரங்களில் இரும்பே இறுகிக் கிடக்கும். கால் மில்லி வைத்தால் முனை நாள் முழுக்க மணலில்தான் உரசும். தோலுக்கு அடியில் போய்விடு. முதல் வெட்டே ஒன்று, ஒன்றரை மில்லி. டூல் ஆரம்பிக்கிற விளிம்பை மட்டும் பழைய அரத்தால் சரிவாகத் தேய்த்துக்கொள் (புது அரத்தைத் தொடாதே, மணல் தின்றுவிடும்). லேத் தாங்குமா என்று கேட்பாய். டூலை வெளியே நீட்டாமல் பிடித்து, டூலைத் தாங்குகிற ஸ்லைடு ஆடாமல் ஜிப் ஸ்க்ரூவை இறுக்கி, டூலை நகர்த்துகிற ஃபீடை மெதுவாகக் கொடுத்தால் தாங்கும்.

வேகக் கணக்கையும் போட்டுப் பார். சக்கரம் 100 மில்லி விட்டம். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு நிமிடத்துக்கு 18 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால் 57 சுற்றுதான் வரும். அவ்வளவு மெதுவாக ஓட்டினால் உன் மோட்டாருக்கு இழுவை இருக்காது. 100 சுற்றில் 31 மீட்டர். கார்பைடுக்கு அது ஒன்றுமே இல்லை.

டூல் திடீரென்று கீச்சிட்டு, ஓர் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் நிறுத்திவிடு. வேலை பழகிய வயதில் நான் நிறுத்தவில்லை, இன்னும் அழுத்தினேன். காஸ்டிங் அதைப் பிடிக்கிற சக்கிலிருந்து நழுவி என் காலடியில் விழுந்தது. அப்படிச் சீக்கிரம் ஆறி இறுகிய இடம்தான் வெள்ளை இரும்பு. அதைச் சூளையில் 900 டிகிரி வரை காய்ச்சி, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டால் இளகிவிடும்.

எண்ணெய் வேண்டாம். இரும்புக்குள் இருக்கிற கிராஃபைட்டே வழுக்கும். எண்ணெயும் அந்தத் தூளும் சேர்ந்தால் லேத்தின் அடித்தண்டவாளமான பெட்டைத் தேய்க்கிற பசைதான் மிச்சம். பெட்டைக் காகிதத்தால் மூடு. துணி வேண்டாம், சக்கில் சிக்கும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தூளை வாரிக்கொள். முகமூடி போடு. நாங்கள் போட்டதில்லை, மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

அப்புறம், இரண்டு பக்கமும் தோலை உரித்ததும் சக்கைத் தளர்த்தி, ஒரு ராத்திரி சும்மா விடு. உள்ளே இருந்த இறுக்கம் விட்டதும் சக்கரம் கொஞ்சம் கோணும். மறுநாள் கடைசி வெட்டை எடு.

அடுத்த தடவை சக்கரத்தைப் படம் எடுக்காதே, ட்ரேயில் விழுந்ததை எடு. வெறும் கறுப்புத் தூசியா, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்கா என்று பார்த்தால் தோல் போயிற்றா என்று சொல்லிவிடுவேன்.

அப்பா