பொருள்: லேப்டாப் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது – இன்னும் தீராத புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் நீங்களே ஏற்றி விற்ற அந்த லேப்டாப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். புகார் எண் உங்களிடமே இருக்கிறது. முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் செய்கிறேன். விடிகாலை நாலரைக்கு விண்டோஸைத் திறந்தால் முந்தின நாள் இரவு 11 மணி என்று காட்டுகிறது. இன்றைய மல்லிகை நேற்றைய தேதியில் பில் ஆகிறது. ஒன்றாம் தேதி வந்தால் போன மாதக் கணக்கும் சேர்ந்து குழம்புகிறது.

மதர்போர்டு பேட்டரியை மாற்றினீர்கள், காசும் வாங்கினீர்கள். பேட்டரி செத்திருந்தால் தேதி ஏதோ பழைய வருஷத்துக்கு ஓடியிருக்கும். அச்சுப் பிசகாமல் ஐந்தரை மணி நேரம் மட்டும் ஏன் குறைகிறது? இந்திய நேரத்துக்கும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கும் அதுதானே வித்தியாசம்! மெஷினை அணைத்தாலும் உள்ளே ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசியை எழுதிவைக்கிறது; விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரவில் மகன் வீட்டு வைஃபையில் லினக்ஸ் திறப்பான், அது நெட்டில் நேரம் பார்த்து எழுதிவிடும். கடையில் நெட் கிடையாது, விண்டோஸ் எங்கே போய்த் திருத்தும்? கம்ப்யூட்டர் விற்கும் உங்களுக்குப் பூக்காரன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

போன் செய்தால் உங்கள் கஸ்டமர் கேர் பையன், "செல்போன்ல மணி பார்த்துக்கோங்க சார்" என்கிறார். பக்கத்தில் யாரோ சிரித்ததும் காதில் விழுந்தது. பில்லில் தேதி போடுவது என் செல்போனா? பங்குனி முகூர்த்த நேரத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு வந்தால் "வைரஸ், ஃபார்மேட் பண்ணணும்" என்றார்கள். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். அந்தச் செல்போன் பேச்சை முடியாது. காலமெல்லாம் சேர்த்த பெயர் இந்த மெஷினால் போயிற்று.

விண்டோஸ் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்பதை 1 என்று வைத்தால் தீரும் என்கிறான் மகன். கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டியதும் உங்கள் ஆள்தான்.

தயவுசெய்து இந்த வாரத்துக்குள் சரிசெய்து, பேட்டரிப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போவேன். ஆள் அனுப்புவதானால் பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள், அதற்கு முன் வியாபாரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்