வீக்கத்தை அடக்குவதும் கொழுப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீக்கம் பற்றிய கட்டுரையில் கொழுப்பை வில்லனாக மட்டுமே காட்டியிருந்தீர்கள். போன வாரம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி பட்டு என் கட்டைவிரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. அங்கே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை இழுத்து வருவதில் லூக்கோட்ரையீன் பி4 என்ற கொழுப்பு மூலக்கூறுக்குப் பெரும் பங்கு. வலியைக் கூட்டுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு கொழுப்பு மூலக்கூறு. ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-இல் காட்டிய மருந்தியல் அறிஞர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதுவரை சரி. ஆனால் 'போதும், இனி வராதே' என்று அந்த வெள்ளணுக்களை நிறுத்துவதும், செத்தவற்றை விழுங்க மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணுக்களை ஏவுவதும் ரிசால்வின் முதலிய கொழுப்புகளே. ஒமேகா-3 என்ற கொழுப்பு அமில வகையிலிருந்து உடல் அவற்றைச் செய்துகொள்கிறது. எங்கள் ஊர்ச் சாளை (மத்தி) மீனில் அது தாராளம். 'புண்ணுக்கு மீன் ஆகாது' என்று அம்மா சட்டியை ஒளித்துவைத்தது தனிக்கதை!

- வாசகர், களியக்காவிளை