கடலோடு போன தாத்தாவுக்கு

தாத்தா,

வருகிற ஆடி அமாவாசைக்கு அப்பாவை ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போகிறேன். 80 வயதைத் தாண்டிய பிள்ளை, முகம் பார்க்காத தகப்பனுக்கு அக்னி தீர்த்தத்தில் முதல் தடவையாக எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார். இத்தனை தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆனால் ஆயா உயிரோடு இருந்தவரை எங்களால் வேறென்ன செய்திருக்க முடியும்? திதி கொடுத்தால் நீங்கள் செத்துவிட்டதாக ஆகிவிடும் என்று அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள். ராணுவக் குடும்ப பென்ஷன் தாள் வந்தபோதும் விதவை என்று கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். அதனால் நிலம் எப்படிக் கை மாறியது என்பதை இங்கே எழுதவில்லை. சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.

உங்களோடு பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிங்கப்பூரில் இருந்த எங்கள் தெரு பெரியவரை உங்களுக்கு நினைவிருக்கும். அவர் நேதாஜி படையில் சேர்ந்து உயிரோடு ஊர் திரும்பியவர். 1972-இல் தியாகி பென்ஷன் திட்டம் வந்த பிறகு அவருக்கும் கிடைத்தது. ஒரு சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சால்வை போட்டார்கள். அன்று சாயங்காலம் அதே சால்வையோடு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் ஆயாவை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

1942-இல் சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்ததும், பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி வைத்து, வெள்ளைக்காரனை எதிர்க்கும் படையில் சேரச் சொல்லிப் பேசியதை, அதற்கப்புறம் அவர் உங்களைத் தேடி ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்ததை, எல்லாம் சொன்னார். வயிற்றுப்போக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களுக்கு நடுவில் நீங்கள் சட்டியோடு நின்றீர்களாம். "வாடான்னு கூப்பிட்டேன். 'நான் வந்துட்டா இவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பாங்க'ன்னு கேட்டான்" என்றார்.

ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "எனக்கு யாரு குடுப்பாங்கன்னு கேக்கலியா?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை. கொண்டுவந்த காபி அப்படியே ஆறிப்போனது.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா தாத்தா? நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அந்த நோயாளிகளை விட்டுவிட்டு வந்திருந்தால் உங்கள் பேரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே பிடித்திருக்காது. ஆனால் அப்பா பதினோரு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் படையில் சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பான்காரர்கள் கப்பலில் அடைத்து நியூ கினி பக்கம் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். உள்ளே கைதிகள் இருக்கிறார்கள் என்று காட்ட அந்தக் கப்பல்களில் எந்த அடையாளமும் கிடையாது. 1943 ஜனவரி 26-இல் புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ மூழ்கடித்தது. அதிலிருந்த இந்தியக் கைதிகளில் 195 பேர் செத்துப்போனார்கள். தப்பித்துப் படகில் ஏறியவர்களையும் ஜப்பானியச் சிப்பாய்கள் என்று நினைத்துச் சுட்டிருக்கிறார்கள். நீங்கள் போனதும் அப்படி ஒரு கப்பலில்தான். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. உங்களைப் பிடித்து வைத்தது ஒருவன், கொன்றது அவனுடைய எதிரி.

நிச்சயமாக அந்தக் கப்பலிலும் யாருக்காவது தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். அதை நினைத்தால் உங்கள் மேல் கோபமே வருவதில்லை. ஆயாவை நினைத்தால் திரும்பவும் வந்துவிடுகிறது.

அப்பா தர்ப்பணத்துக்குப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். முறைப்படி உங்கள் பெயர்தான் முதலில் இருந்தது. நான் அதை அடித்துவிட்டு ஆயா பெயரை மேலே எழுதினேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முறை இல்லை என்று ஐயர் சொன்னால் அங்கேயே நின்று சண்டை போடுவேன். முதல் கை தண்ணீர் அவளுக்கு. நீங்கள் கொஞ்சம் காத்திருங்கள்.

உங்கள் பேரன்